வீங்கிய லேப்டாப் பேட்டரி: குத்தாதீர்கள்!

லேப்டாப்பின் டச்பேட் மேலெழும்புகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? பேட்டரி வீங்கியிருக்கலாம். லித்தியம் அயன் செல்லுக்குள் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்வதே காரணம். சூடு இதை விரைவுபடுத்தும். மேலப்பாளையம் போன்ற வெயில் ஊர்களில் பூட்டிய காருக்குள் லேப்டாப்பை வைக்காதீர்கள்.

இந்த வகை பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது இதனால்தான்.

'இன்னும் இரண்டு மணி நேரம் சார்ஜ் நிற்கிறதே' என்று வீங்கிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். உடனே ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ, குத்தி வாயுவை வெளியேற்றவோ வேண்டாம்; உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அங்கேயே ஒப்படையுங்கள்.