இறக்கைக்குள் ஒரு போல்ட் துளை

கமலாபுரம் விமான நிலையத்தின் மேலே பயிற்சி விமானங்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த ஓமலூர் வாசகர் ஒருவர், "இத்தனை முறை ஏறி இறங்கினால் இறக்கை தாங்குமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். தாங்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் இறக்கையின் கணக்கில் ஏறுகிறது.

2018 ஏப்ரல் 4. அமெரிக்காவின் டேடோனா பீச்சில் எம்ப்ரி-ரிடில் விமானப் பல்கலைக்கழகத்தின் பைப்பர் விமானம் ஓடுபாதையைத் தொட்டுவிட்டு மேலேறும்போது அதன் இடது இறக்கை பிய்ந்து விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். அது 2007இல் செய்த விமானம். பறந்தது 7,690 மணி நேரம். இறக்கையைத் தாங்கும் ஸ்பார் என்ற உத்திரத்தின் கீழ்ப்பகுதியில், போல்ட் துளை ஒன்றிலிருந்து விரிசல் ஓடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் அது.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் முறிந்த கமான் பட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பல, சென்டர் போல்ட் துளையை ஒட்டியே முறிந்திருக்கும். இழுவிசை துளையைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் அதன் விளிம்பில் இழுப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது.

என்னை வியக்க வைப்பது அடுத்த விஷயம். சாதாரண எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் குறைவான சுமையைக் கோடி முறை கொடுத்தாலும் களைக்காது. விமானம் செய்யும் அலுமினியக் கலவைக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சிறு சுமைகளும் சேர்ந்துகொண்டே போகும்.

தரையில் நிற்கும்போது கீழ்நோக்கித் தொய்யும் இறக்கை, பறக்கும்போது மேல்நோக்கி வளைகிறது. ஸ்பாரின் அடிப்பக்கம் இழுபடுகிறது. பயணிகள் விமானம் ஒருமுறை ஏறி இறங்கும் நேரத்தில் பயிற்சி விமானம் பலமுறை ஏறி இறங்கிவிடும். அதுவும் தாழ்வாக, சித்திரை வெயிலில் கொதிக்கும் தரையிலிருந்து எழும் காற்று தூக்கிப்போடும் உயரத்தில். ஆகவே பறந்த மணி நேரத்தை மட்டும் வைத்து விமானத்தின் வயதைச் சொல்வது போதாது. எத்தனை முறை இறங்கியது, எப்படி இறங்கியது என்பதும் வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு, அதிகம் உழைத்த அவ்வகை விமானங்களின் போல்ட் துளைகளைச் சுழல் மின்னோட்டச் சோதனையால் பார்ப்பதை அமெரிக்க விமானத்துறை 2021இல் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு, இரண்டு உயிர் போன பிறகு வந்தது.

பறக்கக் கற்கும் பிள்ளைகளே, விமானம் தடாலென்று இறங்கினால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள், உடனே பதிவேட்டில் எழுதுங்கள். பயிற்றுநர்களே, எழுதிய பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.