கால் முறிந்த லாட நண்டு

மண்டாய் சேற்றுநிலத்தில் முழங்கால் வரை புதைந்து நின்றபோதுதான் அது நடந்தது. தொண்டூழியர்களுடன் லாட நண்டுகளைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். யாரோ விட்டுப்போன மீன்வலையில் ஒன்று சிக்கிக் கிடந்தது. கத்தரிக்கோல் வரும்வரை பொறுத்திருக்கலாம். எனக்குத்தான் அவசரம். இழுத்தேன். ஒரு கால் மூட்டோடு கையில் வந்துவிட்டது.

காயத்தில் வெளிறிய திரவம் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளநீலமானது. "அக்கா, செத்துடுமா?" என்று கேட்டேன். குழுவை வழிநடத்தியவர் திட்டவில்லை. "இரத்தம் பீய்ச்சி அடிக்குதான்னு பாரு" என்றார். இல்லை. கசிந்தது அதற்குள் கெட்டியாகத் தொடங்கியிருந்தது.

கணுக்காலிகளுக்குத் திறந்த இரத்த ஓட்டம் என்று பலதுறைத் தொழிற்கல்லூரித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். எது திறந்திருக்கிறது என்று அன்றுவரை யோசித்ததில்லை.

நம் இரத்தம் இதயத்திலிருந்து கிளம்பி மீண்டும் இதயத்துக்கு வரும்வரை குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது. லாட நண்டுக்கு அப்படியில்லை. பெயரில்தான் நண்டு, உறவில் அது சிலந்திக்கு நெருக்கம். முதுகு ஓட்டுக்கு அடியில் நீளக் குழாய் போன்ற இதயம். அது சுருங்கும்போது இரத்தம் தமனிகளில் பாய்கிறது. தமனிகளின் முடிவில் குழாயே இல்லை. திரவம் உறுப்புகளுக்கு இடையே உள்ள வெளியில் கொட்டி, குடல், தசை, நரம்பு எல்லாவற்றையும் நேரடியாக நனைக்கிறது. பிறகு புத்தகத் தாள்கள் போல் அடுக்கிய செவுள்களில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, இதயத்தைச் சுற்றியுள்ள அறையில் சேர்கிறது. இதயம் தளரும்போது பக்கவாட்டில் உள்ள எட்டு ஜோடித் துளைகள் வழியே உள்ளே நுழைகிறது. மறுபடி சுருங்கும்போது துளைகள் மூடிக்கொள்கின்றன.

நீல நிறத்துக்குக் காரணம் ஹீமோசயனின். நம் ஹீமோகுளோபினில் இரும்பு என்றால் இதில் செம்பு. ஆனால் எல்லாக் கணுக்காலிகளுக்கும் நீல இரத்தம் என்று எழுதிவிடாதீர்கள். கரப்பான்பூச்சி போன்ற பெரும்பாலான பூச்சிகளில் ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொண்டுபோவது இரத்தம் அல்ல, மூச்சுக்குழல்கள். கொசுவை அடித்தால் தெறிக்கும் சிவப்பு நம்முடையது.

இந்த அமைப்பில் அழுத்தம் குறைவு. அதனால்தான் இரத்தம் பீய்ச்சவில்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. சேற்றிலிருந்து காயத்துக்குள் நுழையும் கிருமி, அந்தத் திரவத்தோடு எல்லா உறுப்புகளையும் தொட்டுவிடலாம். லாட நண்டின் இரத்த அணுக்கள் கிருமியின் நச்சை உணர்ந்ததும் வெடித்து, உறையவைக்கும் பொருளைக் கொட்டி, அந்த இடத்திலேயே அதைச் சிறைவைக்கின்றன.

1956ல் ஃபிரெடெரிக் பேங் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படி இரத்தம் உறைவதைப் பதிவு செய்தார். பின்னர் இதிலிருந்தே ஊசிமருந்துகளில் கிருமி நச்சு உள்ளதா என்று கண்டறியும் சோதனை பிறந்தது. அதற்காகக் கடலிலிருந்து லாட நண்டுகளைப் பிடித்து, இரத்தம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். எல்லாமே பிழைப்பதில்லை. 1990களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் குழுவினர், நச்சை முதலில் உணரும் ‘காரணி சி’ புரதத்தை மரபணு முறையில் ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். அதற்கான மரபணுவைத் தந்தது நம் சதுப்புநில லாட நண்டு. நான் காலை முறித்ததும் அதே இனம்தான்.

வலையை வெட்டி எடுத்ததும் அதைச் சேற்றில் விட்டோம். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, வாலை இழுத்துக்கொண்டு நீரை நோக்கி நகர்ந்தது. பதிவேட்டில் ‘ஒரு கால் இல்லை’ என்று எழுதினேன். "காரணம்னு என் பேரைப் போடவா, அக்கா?"

"வலைன்னு போடு. அடுத்த தடவை கத்தரிக்கோலை நீ கொண்டு வா."