பழைய தோல் பைக்கு மறு ஆயுள்

கைமாறி வந்த பையை வீட்டிலேயே துடைக்கலாம், தைக்கலாம், காப்பாற்றலாம். அது தோல்தானா என்று முதலில் பார்த்துக்கொண்டால்.

2021 நவம்பர் 18. திருப்பதியில் கொட்டிய மழையில் தெருக்கள் ஓடைகளாயின. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. கீழே ஊருக்குள், என் சின்னம்மா வீட்டின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் நனைந்தது: பென்ஷன் காகிதங்கள், இரண்டு பட்டுப் புடவைகள், ஒரு பழுப்பு நிறத் தோல் பை.

புடவைகளை விட அந்தப் பைக்குத்தான் அவர் அதிகம் வருந்தினார். சித்தூரில் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. அப்போதே பழைய பைதான். புதுசு வாங்க வசதியில்லை. முதலில் யார் தோளில் தொங்கியதோ தெரியாது, அடுத்து 30 வருடம் இவர் தோளில் தொங்கியது. பரீட்சைப் பேப்பர்கள், சம்பளக் கவர், டிபன் டப்பா எல்லாம் அதற்குள்தான். தண்ணீர் வடிந்ததும் நான் ஒரு புத்திசாலித்தனமான யோசனை சொன்னேன். மழை விட்ட இரண்டாம் நாள் வெயில் வந்தது அல்லவா? மொட்டை மாடியில் காயப் போடச் சொன்னேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், பை அப்பளம் போல் விறைத்திருந்தது. மூடியை மடக்கினால் விரிசல் விடும் நிலை.

இந்தக் கட்டுரையில் இருக்கும் பாதி விஷயம் அந்த ஒரு நாள் தவறைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டது.

தோல் என்பது நார்களின் பின்னல். பதனிடும்போது அந்த நார்களுக்கு இடையே எண்ணெய்ப் பசையை ஏற்றுகிறார்கள். மடித்தால் உடையாமல் வளைந்து கொடுப்பது அதனால்தான். முழுக்க நனைந்த தோல் காயும்போது தண்ணீரோடு இந்தப் பசையும் இடம் மாறுகிறது. வெயிலோ ஹேர் டிரையரோ சேர்ந்தால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எனவே நனைந்த பையை நிழலில், காற்றோட்டத்தில்தான் காய வைக்க வேண்டும். உள்ளே வெள்ளைத் துணியை அடைத்து, துணி ஈரமாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். பழைய செய்தித்தாளும் ஆகும், ஆனால் வெளிர் நிற லைனிங்கில் அச்சு மை இறங்கும். மூன்று நாளோ ஐந்து நாளோ, பொறுமைதான் மருந்து.

காய்ந்த பின் பூஞ்சை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திருப்பதியிலும் சித்தூரிலும் பீரோவில் பூட்டி வைத்த எந்தத் தோலுக்கும் இது வரும், வெள்ளம் வரத் தேவையில்லை. வெள்ளைப் பொடி போலப் படர்ந்திருப்பதை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு மருந்துக் கடை ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரி பாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, லேசாக ஒரு முறை துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சாயமும் சேர்ந்து வரும். எந்தத் திரவமானாலும் முதலில் பையின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பது நல்லது. நாற்றத்துக்கு அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து ஒரு வாரம் மூடி வைத்தால் பெருமளவு போய்விடும். பாச்சை உருண்டை நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். பிறகு அந்த உருண்டையின் வாசனையைப் போக்க வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

ஆனால் இத்தனை பாடுபடும் முன் ஒரு கேள்வி உண்டு. கையில் இருப்பது தோல்தானா?

சித்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்த ஊர் இது. வேலூர் சுமார் ஒரு மணி நேரப் பஸ் பயணம். அதைத் தாண்டினால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இந்தப் பக்கம் ராணிப்பேட்டை. நாட்டின் முக்கியமான தோல் பதனிடும் வட்டாரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பைகளும், சென்னை பெரியமேட்டு வியாபாரிகளிடமிருந்து வரும் சரக்கும், வீடு மாற்றுபவர்கள் தள்ளிவிடும் பழசும் கலந்துதான் சந்தைக்கு வருகின்றன. கூடவே தோல் போல வேஷம் போட்ட ரெக்ஸினும்.

வேஷத்தைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சி கொளுத்த வேண்டியதில்லை. பையின் உள்ளே, தையல் ஓரத்தில், வெட்டு முனையைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின் மேல் வழவழப்பான பூச்சு என்றால் ரெக்ஸின். தோலிலும் இரண்டு ஜாதி. வெட்டு முனை முழுதும் ஒரே பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கருத்தால், அது பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியத்தில் பதனிட்டது. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலைதான் என்பதை அங்கே வசிக்கும் பலர்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

பட்டைத் தோலுக்கு நம் பக்கத்தில் பழைய சரித்திரம் உண்டு. ஆவாரம் பட்டை, கடுக்காய் இரண்டையும் கொண்டு பதனிட்டுக் கப்பலேற்றிய சரக்குக்கு ‘ஈ.ஐ.’ தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். தமிழ்நாட்டின் இந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பெருமையோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புத்தக பைண்டிங் தோல்கள் ஏன் சீக்கிரம் பொடிகின்றன என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழு ஆராய்ந்தது. ஆவாரம் பட்டை வகைப் பதனில் வந்த தோல்கள் வெளிச்சத்தில் சிவந்து, நாளடைவில் பொடிந்துபோகின்றன என்றது. பழைய பையைத் தொட்டால் கையில் செங்காவிப் பொடி ஒட்டுகிறதா? அது அழுக்கல்ல, தோலே சிதைகிறது. துடைத்தால் இன்னும் போகும். அதற்குத் தண்ணீர் காட்டாமல், காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதே மேல்.

ரெக்ஸின் விவகாரம் இன்னும் சோகமானது. பாலியூரித்தேன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சில வருடங்களில் தானாகவே உடைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். பயன்படுத்தாமல் பத்திரமாகப் பூட்டி வைத்த பையும் உரியும். இதை ஒட்டவோ பூசவோ வழியில்லை. அசல் தோல் என்று முத்திரை குத்திய சில பைகளும் இப்படி உரிவதுண்டு. தோலின் அடி அடுக்கைப் பிளந்தெடுத்து அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியவை அவை. முத்திரை பொய்யல்ல, ஆனாலும் ஏமாற்றம்தான். சந்தையில் பழசு வாங்கும்போது கைப்பிடி மடிப்பையும் மூடியின் வளைவையும் விரலால் நிமிண்டிப் பாருங்கள். செதில் வந்தால் பேரம் பேச வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

தோல்தான் என்று உறுதியானால் சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. பையைக் கவிழ்த்து உதறி, லைனிங்கை வெளியே இழுத்து மூலைத் தூசியை எடுப்பது முதல் வேலை. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி குழந்தை சோப்புத் திரவம். நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, உடனே வேறு ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. சலவை சோப்பும் சோடாவும் கூடாது. தோல் இயல்பில் சற்று அமிலத் தன்மை கொண்டது. காரம் பட்டால் விறைக்கும். கைப்பிடியில் ஏறிய எண்ணெய்க் கறைக்கு முகப் பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிட்டால் ஓரளவு உறிஞ்சியிருக்கும். பால்பாயின்ட் பேனாக் கறையோடு போராடாதீர்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் மையை எடுக்கும், கூடவே பையின் நிறத்தையும் எடுத்துவிடும்.

அடுத்தது பசை ஏற்றுவது. நம் வீடுகளில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். நானும் போனேன். பை கருத்தது, இரண்டு வாரத்தில் சிக்கு வாடை, எறும்பும் வந்தது. கடையில் கிடைக்கும் நிறமற்ற தோல் கிரீமை, கடலையளவு எடுத்து, மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் விட்டு மறுபடி தடவ வேண்டும். ஷூ பாலிஷ் வேண்டாம். ஷூ யார் மேலும் உரசுவதில்லை, பை உரசும். வெளிர் நிறப் புடவையில் அந்தப் பாலிஷ் நிரந்தரமாகக் குடியேறும்.

சின்னம்மா பைக்கு இப்படி ஆறு முறை தடவினோம். உடம்பு இளகியது. தோள்வார் இளகியது. மூடி இளகவில்லை. மடிப்பில் விழுந்த விரிசல் எந்தக் கிரீமுக்கும் மசியவில்லை. அது போதாதென்று வாரின் ஒரு பக்கத் தையல் அழுகி அறுந்திருந்தது. நான் உடனடிப் பசையால் ஒட்டினேன். அந்தப் பசை கண்ணாடி போல இறுகுவது, வளைகிற பொருளுக்கு ஆகாது. மறுநாளே பட்டென்று விட்டது, ஒட்டிய இடத்தில் மினுமினுப்பான தழும்பையும் வைத்துவிட்டுப் போனது.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் பெரியவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது, பழைய நூலை ஒவ்வொரு துளையிலிருந்தும் பிடுங்கி எடுத்தது. புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. ஏன் என்பது பிறகுதான் உறைத்தது: துளைக்குப் பக்கத்தில் துளை போட்டால் தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். மெழுகு தேய்த்த தடித்த நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று தைத்தார். மெஷின் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். குத்தூசியும் இரண்டு தடித்த ஊசிகளும் இருந்தால் வீட்டிலும் இதைச் செய்யலாம். முதல் முறை கோணலாக வரும், பரவாயில்லை.

மூடியின் விரிசலுக்கு உள்பக்கமாக மெல்லிய தோல் ஒட்டுப் போட்டார். இரண்டு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பிசுக்கு மட்டும் நிற்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சேர்த்துத் தட்டினார். ஈரத்தோடு சேர்க்கும் அவசரம் என்னுடையது. ஜிப்பை மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். பழுது பல்லில் இல்லை, ரன்னரில்தான் என்றார். வாய் விரிந்த ரன்னரைக் குறடால் லேசாக நெருக்கி, பல்வரிசையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். ஓடியது.

அவர் கேட்ட கூலி ஒரு ஹோட்டல் டிபனுக்கு ஆகும் பணம். அவர் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. வரச் சொல்லவும் அவருக்கு விருப்பமில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தோலைத் தொடும் கைகளை ஊர் எப்படி நடத்தியது என்பதை அவரை விட நன்றாக யார் அறிவார்?

இதே திருப்பதியில்தான் இன்னொரு மரபும் இருக்கிறது. வேங்கடவன் இரவில் மலையிறங்கித் திருச்சானூர் அலமேலுமங்கையைப் பார்க்க நடந்தே போகிறான், அதனால் காலணி தேய்கிறது, புதுசு வேண்டும் என்பது நம்பிக்கை. அந்தக் காலணிகளைத் தைத்துக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் தோல் தொழிலாளர்கள். அலிபிரியில் பாதால மண்டபத்தில் பக்தர்கள் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் சுமந்து வலம் வருவதை இன்றும் பார்க்கலாம். சுமந்து வந்தவர்கள் வாசலில் தம் செருப்பைத் தைத்துக் கொடுப்பவரிடம் நாலு ரூபாய்க்குப் பேரம் பேசுவதையும் பார்க்கலாம்.

பழைய பையைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு, அது பாலாற்றில் ஓடுகிறது. ஓடியது என்று சொல்வது பொருத்தம். கர்நாடகத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பக்கமாக 33 கி.மீ. நடந்து, தமிழ்நாட்டுக்குள் 222 கி.மீ. போகும் ஆறு அது. தோல் தொழிற்சாலைக் கழிவு அதைப் பாழாக்கியது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்றது, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ. 10,000 அபராதமும் விதித்தது. ஏற்கெனவே பதனிட்ட தோலுக்கு ஆறு தன் விலையைக் கொடுத்தாகிவிட்டது. அதை நாலு வருடத்தில் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது என் கணக்கில் அந்த விலையை இரண்டாம் முறை கேட்பது.

பை இப்போது சின்னம்மாவின் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. பாலித்தீன் உறையில் அல்ல, பழைய பருத்தித் தலையணை உறையில். பாலித்தீன் ஈரத்தைப் பூட்டி வைக்கும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட வைக்கிறார். மூடி இன்னும் கொஞ்சம் விறைப்புதான். இடது வாரில் பெரியவர் தைத்த நூல் மற்றதை விட ஒரு சாயல் அதிகக் கறுப்பு. சென்ற மாதம் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போனார். அண்ணன் மகள் அதைக் கேட்டிருக்கிறாள். தான் போன பிறகு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.