சைடு டிரம் நடத்தும் மெக்கானிக்கல் வகுப்பு

“மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி” என்பார்கள். சைடு டிரம்முக்கு ஒரு பக்கம்தான் அடி. ஆனால் அதன் ‘டர்ர்ர்’ சத்தத்தின் ரகசியமோ அடி வாங்காத கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது நண்பர்களே!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பேண்டு செட் நமக்குப் புதிதல்ல. மாதா திருவிழாவோ, கல்யாண ஊர்வலமோ, சாவோ, பக்கவாட்டில் தொங்கவிட்டு இரண்டு குச்சியால் வாசிக்கிறார்களே, அதுதான் சைடு டிரம். ஐரோப்பியப் பட்டாளங்களின் வாத்தியம் இது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளோடு இந்தியாவுக்கு வந்தது. பிறகு மீரட் நகரிலேயே பேண்டு வாத்தியங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே நாதிர் அலி கம்பெனி தொடங்கியது 1885-ல்.

எங்கள் தெரு பேண்டு மாஸ்டர் வீட்டுப் பரணில், அவருடைய அப்பா வாசித்த மர டிரம் ஒன்று கிடந்தது. “அடுப்புல வைக்க மனசு வரலப்பா” என்றார். லீவில் இருவரும் அதைச் சரி செய்தோம்.

முதலில் அது வேலை செய்யும் விதம். 14 அங்குல மர உருளை, மேலும் கீழும் தோல். மேல் தோலை அடித்தால் உள்ளே இருக்கும் காற்று கீழ்த் தோலைத் தள்ளும். கீழ்த் தோலை ஒட்டி ஓடும் கம்பிச் சுருள்கள் அதன்மேல் படபடக்கும். இவைதான் ஸ்நேர். லீவரைத் தட்டி இவற்றைத் தளர்த்தினால் வெறும் ‘டும்’தான்!

தோல் உட்காரும் மர விளிம்பு சமமாக இருக்க வேண்டும். சமதளக் கண்ணாடி மேல் உருளையை நிறுத்தி, உள்ளே பல்பைப் போட்டோம். வெளிச்சம் கசிந்த இடம் பள்ளம். மற்ற இடங்களை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். பழைய பெயின்டில் கை வைக்கவில்லை.

அடுத்து, இழுத்துப் பிடிக்கும் 8 ராடுகள். கடற்காற்று சும்மா விடுமா? துரு! மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றினோம். ஒன்றில் மரை தேய்ந்திருந்தது. கேஜ் வைத்துப் பார்த்தால் விட்வொர்த் மரை. மெட்ரிக் போல்ட்டைத் திணிக்காமல் லேத்தில் புதிதாகக் கடைந்தோம்.

பிறகு தோல். ஆட்டுத்தோல், கன்றுத்தோல் எல்லாம் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். பறை வாசிப்பவர்கள் தீயில் காய்ச்சுவது இதனால்தான். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் ஃபிலிம் ‘தோல்’ விற்பனைக்கு வந்தது. எலக்ட்ரிக்கல் நண்பர்களே, மோட்டார் வைண்டிங்கில் இன்சுலேஷனுக்கு வைக்கிறோமே, அதே இனம்தான்! நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அதையே போட்டோம்.

முறுக்கும்போது வரிசையாகப் போகக் கூடாது. புல்லட் சிலிண்டர் ஹெட் மாதிரி எதிரெதிராக, ஒவ்வொரு ராடுக்கும் அரைச் சுற்று. பிறகு ஒவ்வொரு ராடுக்கும் அருகே குச்சியால் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வருகிறதா என்று காதால் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். இப்போதைய டிரம் போல ‘டக் டக்’கென்று விறைப்பாகப் பேச வேண்டும் என்றார் மாஸ்டர். தோலின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அதாவது, அதிர்வெண் 2 மடங்காக வேண்டுமானால் இழுவிசை 4 மடங்காக வேண்டும். அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது பழைய மரம். ஒட்டுவாய் பிளந்துவிட்டால் டிரம்மே போச்சு! கணக்கைச் சொன்னேன். “அரை முறுக்கு குறைச்சு அடிச்சுப் பாருங்கண்ணே” என்றேன். அடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது போதும்பா. அப்பா கையில இப்படித்தான் பேசும்” என்றார்.

புதுப்பிப்பது என்றால் புதிதாக்குவது அல்ல. அந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து, அந்த எல்லைக்குள் வேலை செய்ய வைப்பது. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடமும் இதைத்தானே சொல்கிறது? உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள், நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை