களைக்கொல்லியை உணவாக்கும் பாக்டீரியா

மக்காச்சோளம், கரும்பு வயல்களில் தெளிக்கப்படும் அட்ரசின், களைகளின் ஒளிச்சேர்க்கையைத் தடுத்து அவற்றைக் கொல்கிறது. தெளித்த பின்னும் அது மண்ணில் பல வாரங்கள், சில இடங்களில் மாதக்கணக்கில் தங்கும். சென்னையின் கொட்டிவாக்கம் போன்ற கடலோர மணற்பகுதிகளில் அதைப் பிடித்துவைக்கும் மட்கு, களிமண் இரண்டும் குறைவு. அத்தகைய மண்ணில் சேரும் களைக்கொல்லி எளிதாக நிலத்தடி நீரில் இறங்கிவிடும்.

மண்ணில் தங்கும் அட்ரசினைப் பாக்டீரியா ஏன் சிதைக்கிறது? அட்ரசின் மூலக்கூறில் 5 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வளர்ச்சிக்குத் தேவையான நைட்ரஜனை அதிலிருந்தே சில பாக்டீரியாக்கள் பெறுகின்றன.

எப்படிச் சிதைக்கிறது? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், களைக்கொல்லி கொட்டிய மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டு 1995-இல் விவரிக்கப்பட்ட சூடோமோனாஸ் ஏடிபி என்ற பாக்டீரியா இதற்குத் தெளிவான சான்று. அதன் முதல் நொதி குளோரினை நீக்கி ஹைட்ராக்சில் தொகுதியைப் பொருத்துகிறது; களை கொல்லும் ஆற்றல் அத்துடன் போய்விடுகிறது. அடுத்த 2 நொதிகள் பக்கச் சங்கிலிகளை வெட்ட, சயனூரிக் அமிலம் எஞ்சுகிறது. மேலும் 3 நொதிகள் அதைக் கார்பன் டைஆக்சைடாகவும் அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன.

இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் எனும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால் பிற பாக்டீரியாக்களுக்கும் பரவக்கூடும். அட்ரசின் ஆண்டுதோறும் விழும் வயலில் சிதைவு விரைவதற்கு இதுவும் ஒரு காரணம். போதிய ஈரம், வெப்பம், மட்கு ஆகியவை பாக்டீரியாவின் வேலைக்குத் துணைநிற்கின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மிகுந்தால் அட்ரசினை நாடும் தேவை குறைந்து, சிதைவு மந்தமாகலாம்.