நிலம் வளையும் கணக்கு

"அடுத்த பூமியதிர்ச்சி எப்போது, சுவாமி?" கம்பளைப் பகுதியில் மண்சரிவுக்கு அஞ்சித் தோட்டத்தையும் வயலையும் விட்டு இறங்கிய குடும்பங்களை நாம் சந்திக்கும் போதெல்லாம் இக்கேள்வி எழுகின்றது. 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஹாரகம, அனுரகம, திகண பகுதிகளில் நிலம் அதிர்ந்தபின் இந்த அச்சம் கண்டி மாவட்டத்தில் ஊன்றிவிட்டது. நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் விஞ்ஞானம் உலகில் எங்குமே இல்லை. அப்படிச் சொல்பவர் யாராயினும் நம்ப வேண்டாம். ஆனால் நிலம் எங்கே வளைகின்றது, எவ்வளவு நகர்ந்தது என்பதை அளக்க முடியும். காணியை விட்டு வந்தவர்களுக்கு அந்த அளவே கூடுதலாக உதவும்.

ஒரு பச்சைக் கம்பின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நெடுநேரம் வளையும், பின் சட்டென முறியும், முறிந்த துண்டுகள் நிமிர்ந்துகொள்ளும். பூமியின் பாறையும் அவ்வாறே என்று கண்டவர் அமெரிக்கரான ஹரி ரீட். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த அதிர்ச்சிக்குப்பின், பழைய நில அளவைகளையும் புதிய அளவைகளையும் அவர் ஒப்பிட்டார். நேராக ஓடிய ஒரு பண்ணை வேலி அறுந்து சில மீற்றர் விலகி நின்றது. எல்லை வேலிக்காக வழக்காடும் நம்மவர்களுக்கு இது விளங்கும்!

நமக்கு அண்மையான பாடம் 2004 டிசெம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள தீவுகளில் முருகைக் கற்களே அளவுகோலாயின. அவை கடல்மட்டத்துக்கு மேல் வளர்வதில்லை. ஆகவே தீவு பல ஆண்டுகளாக மெல்லத் தாழ்ந்ததும், அதிர்ச்சியில் திடீரென உயர்ந்ததும் அவற்றின் வளையங்களில் பதிந்திருக்கின்றன. சிமெலுவே தீவின் வடமேற்குக் கரை சுமார் ஒன்றரை மீற்றர் உயர்ந்தது. நிக்கோபார் பக்கம் நிலைமை எதிர்மாறு: இந்திரா முனையின் வெளிச்சவீட்டு நிலம் நான்கு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது.

அதே நிக்கோபாரில் கச்சால் என்றொரு தீவு உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கைத் தோட்டங்களை விட்டுச் சென்றவர்களில் ஒரு பகுதியினர் அங்குள்ள இறப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். நம் உறவுகள்தாம். ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்களைக் கடலும் வந்து பெயர்த்தது. போர்ட் பிளேயருக்கு அருகே சிப்பிகாட் என்னுமிடத்திலோ அலை வடிந்த பின்னும் உப்புநீர் போகவில்லை. நிலமே ஏறத்தாழ ஒரு மீற்றர் இறங்கிவிட்டதால் வயல்கள் சதுப்பாயின. தண்ணீர் வற்றும், திரும்பி உழலாம் என்று காத்திருப்பதா, வேறு காணி கேட்பதா? அளந்து பார்த்தால்தானே விடை தெரியும். அதிர்ச்சி ஓய்ந்த பின்னும் நிலம் பல ஆண்டுகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். அதனால் ஒருமுறை அளந்தது போதாது. இன்று ஜீ.பீ.எஸ். கருவிகளும் ரேடார் செய்மதிகளும் சில மில்லிமீற்றர் அசைவைக்கூடக் காட்டுகின்றன.

இனி நம் மலைக்கு வருவோம். பாறைத்தட்டுகள் மோதும் எல்லையிலிருந்து இலங்கை வெகு தொலைவில் இருக்கின்றது. 2020இல் கண்டியில் பதிவானவை ரிக்டர் அளவில் 2ஐ ஒட்டிய சிறு அதிர்வுகள். பல்லேகல நிலையம் அவற்றைப் பதிந்தது. நீர்த்தேக்கத்தின் பாரம் பாறையை உசுப்புமா என்ற கேள்வி வீணானதல்ல. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கருகே 1967 டிசெம்பரில் ஏற்பட்ட அதிர்ச்சியில் ஏறக்குறைய 180 பேர் மாண்டனர். கொத்மலைக்குக் கீழே வாழும் கம்பளை மக்கள் விக்டோரியாவையும் கொத்மலையையும் பற்றிய அளவைகளைக் கேட்டுப் பெறுவது உரிமை. அவற்றைத் தமிழிலும் கேளுங்கள்.

ஆயினும் நம்மை வீட்டைவிட்டு இறக்கியது பெரும்பாலும் மழையே, பூமியதிர்ச்சியல்ல. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையைப் புதைத்ததும் மழையில் ஊறிய மலைச்சரிவுதான். சரிவும் விழுமுன் வளையும்: தரையில் வெடிப்பு, சாயும் மரம், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, திடீரெனக் கலங்கிவரும் ஊற்று. இவற்றைக் கண்ட திகதியுடன் எழுதி, வெடிப்பின் இருபுறமும் முளையடித்து, இடைவெளியை வாரந்தோறும் நூல்பிடித்து அளந்து, கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். மழை பலத்தால் அளக்க நிற்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் சரிவில் கட்டிய கம்பிகளில் துணி காயப்போடுவதையும் ஆடு கட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.