நைட் ஷிஃப்ட் பழக்கம்தான்... ஆனால் ‘யூஸ்டு டு’ சொன்னால்? இன்டர்வியூவில் அர்த்தத்தை மாற்றும் 5 ஆங்கிலத் தொடர்கள்!

விசைத்தறிச் சத்தம் கேட்கும் சங்கரன்கோவில் தெரு ஒன்றில், மொட்டை மாடியில் சிக்னல் தேடி நின்றபடி சென்னை கம்பெனிக்கு ஒருவர் போனில் இன்டர்வியூ கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “நைட் ஷிஃப்ட் ஓகேவா?” என்று கேட்கிறார்கள். “ஐ யூஸ்டு டு வொர்க் இன் நைட் ஷிஃப்ட்” என்கிறார். ‘எனக்குப் பழக்கம்தான்’ என்பது அவர் சொல்ல நினைத்தது. ‘முன்பு பார்த்தேன், இப்போது இல்லை’ என்பது எதிர்முனையில் கேட்டது!

இலக்கணப் பிழை இல்லை. ஆனால், அர்த்தம் தலைகீழ். இப்படிக் காலை வாரும் 5 தொடர்கள் இதோ...

1. யூஸ்டு டு

‘தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்று தமிழில் சொன்னால் அது இன்றைய வழக்கம். அதையே ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்டு டு வேக் அப்’ என்றால், விட்டுப்போன பழைய வழக்கம். இன்றைய வழக்கத்துக்கு ‘ஐ வேக் அப் அட் சிக்ஸ்’ போதும். பழகிவிட்டது என்று சொல்ல, ‘ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்ஸ்’. நடுவில் வரும் அந்த ‘ஆம்’தான் முக்கியம்.

2. பாஸ்டு அவுட்

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2024’ என்றால் நம் ஊரில் படிப்பை முடித்தவர். வெளிநாட்டவர் காதிலோ, மயங்கி விழுந்தவர்! ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2024’ என்றால் எங்கும் குழப்பமில்லை.

3. ஐ ஹேவ் எ டவுட்

வகுப்பில் கேட்பதும் சந்தேகம், ஒருவரை நம்பாமல் இருப்பதும் சந்தேகம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘டவுட்’ பெரும்பாலும் நம்பிக்கையின்மையைத்தான் குறிக்கும். விளக்கம் கேட்க, ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்பதே சரி.

4. பை - டில்

‘வேலையை டில் ஃப்ரைடே முடித்துவிடுவேன்’ என்பது தவறு. இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று வந்தால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று வந்தால் ‘டில் ஃப்ரைடே’. வேலையை முடித்துத் தருவது ‘பை’, லீவில் இருப்பது ‘டில்’.

5. ஆன் டைம் - இன் டைம்

பொதிகை எக்ஸ்பிரஸ் குறித்த நேரத்துக்குச் சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வந்தால் அது ‘ஆன் டைம்’. ரயில் கிளம்புவதற்குள் ஓடிவந்து நீங்கள் ஏறிவிட்டால் அது ‘இன் டைம்’. இன்டர்வியூவுக்குச் சொன்ன நேரத்தில் ஆஜராவேன் என்பதற்கு ‘ஐ வில் பி ஆன் டைம்’ என்று சொல்லுங்கள்.

இந்தக் குழப்பங்களில் பலவும் தமிழில் யோசித்து, அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றுவதால் வருபவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘பிரீபோன்’ போல, நம் நாட்டில் அதிகம் புழங்கும் சொற்கள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்திருக்கின்றன. ஆனால், கேட்பவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்த இன்டர்வியூவுக்கு முன், நீங்கள் சொல்லப்போகும் பதில்களை போனில் பதிவு செய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இந்த ஐந்தில் எது எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும்!